சிவப்புக் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீர்

போன வாரம், பஹ்ரைன் வீட்டைக் காலி செய்து, பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, வெறும் சுவர்களுக்கு நடுவே நானும் என் வீட்டுக்காரரும் நின்றதோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பெட்டிகள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தால், ரீத்தா மதினி மாடிப்படி இறங்கி வந்த ஒரு காலைதான் முன்னால் வந்து நிற்கிறது. அது நடந்து ஒன்றிரண்டு கோடைதான் ஆகிறது. பெட்டிகள் எங்கேயும் போய்விடாது, இருக்கட்டும்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். காலையிலேயே குசினி ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. நான் சீலா மீன் துண்டுகளுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக்கொண்டிருந்தேன். மதினி வெளிப்படி வழியாக இறங்கிப் பின்வாசலில் நுழைந்தார். முகத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்த நிறைவு.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த வீடு. வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததுதான் அவர் போன தூரம். எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணின் கைக்குழந்தையைத் தினமும் ஒரு தடவை போய்த் தூக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது மெர்சி. அந்தப் பொண்ணு பச்சத்தண்ணியில குளிப்பாட்டப் போறா. நான் சொல்லுதது எங்க அவளுக்கு வெளங்குது? எல்லாத்துக்கும் எஸ் எஸ்ஸுங்கா. வெளிச்சுவத்துல கீசர் சுவிட்சு இருக்குல்லா, அதைப் போட்டுவிட்டுட்டு வாரேன்."

"எப்பப் போட்டிய மதினி?"

"போனவுடனேயே போட்டாச்சு. பெறகு பிள்ளைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டுல்லா இருந்தேன். இந்நேரம் நல்லாக் கொதிச்சிருக்கும்."

மீன் சட்டி கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது. மஞ்சள் கையோடு மாடிப்படிக்கு ஓடினேன்.

மதினி செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. சளி பிடித்த பிள்ளைக்கு வெந்நீர் வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். பிறகு நான் ஏன் அப்படி ஓடினேன் என்று கேட்டால், அந்த மாடி வீட்டையும் ஒரு குழாயையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னை அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

மாடிக்கு வந்தவள்

மாரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. அவள் கணவன் ஜுன், துறைமுகத்துக்கு வந்திறங்கிய பெரிய கிரேன்களைப் பூட்டிக் கொடுக்கிற வேலைக்காக வந்தவன். வேலை முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். அவர்களுடைய பையன் நினோ அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தான். மதினிக்கு 'மாரிசெல்' வாயில் நுழையவில்லை. 'மரியசெல்வி' என்று கூப்பிட்டார். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

வீடு பார்க்க வந்த அன்று அவள் ஹாலையும் பார்க்கவில்லை, படுக்கையறையையும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். புது ஊரில், புது வீட்டில், நானும் முதலில் அதைத்தான் செய்திருந்தேன்.

"இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பஹ்ரைன்."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆனால் வளைகுடாவில் கடைக்காரனும் டிரைவரும் வீட்டு வேலைக்காரியும் பேசிக்கொள்கிற ஓர் அரைகுறை அரபி இருக்கிறது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து தூத்துக்குடியில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், நாங்கள் இரண்டு கிறிஸ்தவப் பெண்கள் அரபியில் குடும்பம் நடத்தினோம். காலையில் மாடியிலிருந்து "ஆன்ட்டி, மோயா மாஃபி" என்று குரல் வரும். தண்ணீர் இல்லை என்று அர்த்தம். நான் மோட்டார் போடுவேன்.

அவளுடைய கவலைகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். குடிக்கிற கேன் தண்ணீரில் பிள்ளைக்குப் பால் கலக்கலாமா? போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, பிள்ளை உடம்பில் தடிப்பு வருமா? கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறுப்பாகப் படிகிறதே, அது என்ன தூசி, எங்கிருந்து வருகிறது? (இதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. துணி மட்டும் கறுப்பாகத்தான் இருக்கிறது.) மின்சாரம் போனால் எப்போது வரும்? ஏசியின் வெளிப்பெட்டி ஏன் இப்படித் துருப்பிடித்திருக்கிறது?

"நாங்க எல்லாம் இந்தத் தண்ணியக் குடிச்சு வளரலியா?" என்பார் மதினி. "இவ என்னளா, காத்தையும் மோந்து பாக்குதா?"

மோந்துதான் பார்த்தாள். நானும்தான் பார்க்கிறேன், இன்றைக்கும்.

தரையில் பாவாத கால்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. மேலே போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பேன். இறங்கி வந்து ஜன்னல் கொண்டிகளைப் பார்ப்பேன். உப்புக் காற்று கம்பியைத் தின்கிறது என்று தேங்காய் எண்ணெய்த் துணியோடு கிரில்லைத் துடைப்பேன். கைபேசியில் இரண்டு ஊரின் வெயிலும் அடுத்தடுத்து இருக்கும். அங்கே தூசிக்காற்று என்று போட்டால், இங்கே எழுந்து ஜன்னலை மூடுவேன்.

"கொஞ்சம் ஒரு எடத்துல உக்காரு மெர்சி. வீடு எங்கயும் ஓடிராது" என்பார் வீட்டுக்காரர். அவர் அங்கே இழுவைக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "கப்பல்காரன் எறங்குனா எறங்குனதுதான்." ஊருக்கு வந்த அடுத்த வாரமே அவர் மாலையில் கடற்கரைக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு அரட்டை அடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அவர் மேல் பொறாமை. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அங்கே இருந்தபோது ஊர், ஊர் என்று கிடந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில் மதினியிடம் மழை பெய்ததா என்று கேட்பேன். இங்கே வந்த பிறகு எதையோ அடுப்பில் வைத்து மறந்துவிட்டு வந்த மாதிரி ஒரு பதைப்பு. எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்டோபர் வரைக்கும்

இனி குழாய்.

கல்யாணமாகிப் பஹ்ரைனுக்குப் போன முதல் கோடை. ஒரு மத்தியானம் நீலக் குறி போட்ட குழாயைத் திறந்து கையை நீட்டினேன். நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டேன். வெந்நீர். ஹீட்டர் கெட்டுவிட்டது, நீலத்திலும் வெந்நீர் வருகிறது என்று நினைத்துக் கட்டடக் காவல்காரரை வரச் சொன்னேன். அவர் வங்காளதேசத்துக்காரர். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஒரே அளவில் மோசம்.

அவர் வந்தார். எதையும் கழற்றவில்லை. ஹீட்டர் சுவிட்சை அணைத்தார். மொட்டைமாடியைக் கைகாட்டினார். தொட்டி வெயிலில் வேகிறது, நீலக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர் என்றார். ஹீட்டரோ வீட்டுக்குள்ளே நிழலில் தொங்குகிறது. அணைத்துப் போட்டால் அதற்குள் இருக்கிற தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கும். அது சிவப்புக் குழாயில் வரும். ஹீட்டரை ஒரு தட்டுத் தட்டி, "மேடம், அக்டோபர் வரைக்கும் இது ஃபிரிட்ஜ்" என்றார்.

வளைகுடாவில் கோடையைக் கழித்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். மே வந்தால் ஹீட்டரை அணைப்பார்கள். குளிர்ந்த தண்ணீருக்குச் சிவப்பைத் திறப்பார்கள். என் மகன் எல்கேஜியில் குளிர்ந்த தண்ணீருக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி டீச்சரிடம் திட்டு வாங்கினான். அந்த டீச்சரும் வீட்டுக்குப் போய்ச் சிவப்பைத்தான் திறந்திருப்பார்.

இங்கே வீடு கட்டும்போது, வாஷ்பேசினுக்கும் இரண்டு குழாய் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கொத்தனார் அண்ணாச்சி சிரித்தார். "தூத்துக்குடியில கை கழுவ வெந்நீயா?" என்று கேட்டார். எனக்கு வேண்டியது வெந்நீர் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் மொட்டைமாடியிலும் கறுப்புத் தொட்டிதான். கத்திரி வெயிலில் அதுவும் அடுப்புதான். மாரிசெல் குடிவந்து முதல் வெயில் ஏறியதுமே, நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னாலேயே, கீசரை அணைத்துவிட்டுச் சிவப்புக்கு மாறிவிட்டாள். அன்று அவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீசர் சுவிட்ச் பின்பக்க வராந்தாச் சுவரில், துவைக்கிற இயந்திரத்துக்கு மேலே இருந்தது. அணைத்த பிறகு அவள் அதை ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். அங்கே அப்படித்தான், அக்டோபர் வரைக்கும் அதற்கு வேலையில்லை.

படிக்கட்டு

இதெல்லாம் ஒன்று சேர்ந்துதான் என்னை அந்தப் படியில் ஓட வைத்தது. மாரிசெல் பிள்ளையைப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார வைத்து, சிவப்பைத் திறந்து, கைஷவரால் குளிப்பாட்டுகிறவள். எல்லாத் தாயையும் போல முதலில் தன் கையில் தண்ணீரை விட்டுப் பார்ப்பாள். ஆனால் முதலில் வருவது குழாயில் தங்கிய தண்ணீர், ஆறியதாகத்தான் இருக்கும். சரி என்று அவள் ஷவரைப் பிள்ளை பக்கம் திருப்புகிற நேரத்தில்தான் கீசரில் கொதித்தது பின்னால் வரும்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்று அது எங்கே போனது என்று தெரியவில்லை.

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மாரிசெல் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "மாரி, தொறக்காத, மாரி!" என்று கத்தினேன். அவளுக்கு அது என்ன புரியும்? பாட்டுச் சத்தம் நிற்கவில்லை. குளியலறைக் கதவைத் தள்ளினேன். நினோ நீலத் தொட்டியில் உட்கார்ந்து, அடியில் தேங்கிய முதல் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவள் ஷவரை அவன் தலைப் பக்கம் கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"மோயா ஹார்! மாரி, மோயா ஹார்!"

சுடுதண்ணீர். அந்த நேரத்தில் எனக்குள்ளிருந்து எப்படி அந்த மொழி வந்தது என்று இன்று வரை தெரியவில்லை. தமிழில் கத்தியபோது திரும்பாதவள், ஆங்கிலத்தில் கத்தியிருந்தால் 'என்ன?' என்று கேட்டிருப்பாள். இந்த அரபிக்கு அவள் யோசிக்கவே இல்லை. அவள் கை தானாக விலகியது. தண்ணீர் சுவரில் அடித்தது. ஓரமாகச் சிதறியது அவள் கணுக்காலில் விழுந்து, அவள் வாய்விட்டு அலறினாள். சுவரிலிருந்து ஆவி எழும்பியது.

நினோ என் சத்தத்துக்குத்தான் அழுதான். நான் அவனை அள்ளியெடுத்தேன். அவன் முதுகெல்லாம் என் கை மஞ்சள். உச்சி முதல் பாதம் வரை தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மாரிசெல் குழாயை மூடிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் சிவந்து போயிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெட்," என்றாள். "ஆன்ட்டி, நான் ரெட்தானே திறந்தேன்?"

"ஆமா மாரி. ரெட்தான்."

யார் சுவிட்சைப் போட்டது என்று கேட்டாள். சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையின் மூக்கைக் காட்டி என்னவோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை, எஸ் எஸ் என்று சொல்லி வைத்தேன் என்றாள். பிறகு பிள்ளையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மதினி மேல், அவள் மேல், பாழாய்ப்போன அந்த வெயில் மேல்.

மதினியின் கதவு

கீழே இறங்கினால் மதினி படியடியில் நின்றிருந்தார். அழுகைச் சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறது. ஏறி வரப் பயந்து அங்கேயே நின்றிருக்கிறார்.

"பிள்ளைக்கு என்னளா?"

"ஒண்ணுமில்ல மதினி. தப்பிச்சிட்டான்." பிறகு சிவப்பு, நீலம், தொட்டி, வெயில் எல்லாவற்றையும் சொன்னேன். பதற்றத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

மதினி முழுக்கக் கேட்டார்.

"அப்போ நான் பிள்ளைய வேக வைக்கப் பாத்தேன்னு சொல்லுதியா மெர்சி?"

"அப்படிச் சொல்லுவேனா மதினி?"

"செவப்புல வெந்நீ வரும்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் மாத்தி வச்சிருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

மாலையில் என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்க் கீசர் சுவிட்சின் மேல் பட்டையாக டேப் ஒட்டி, அதில் 'தொடாதே' என்று தமிழில் எழுதிவிட்டு வந்தார். என்னை ஓர் இடத்தில் உட்காரச் சொல்லி அன்று அவர் கேட்கவில்லை. ஜுன் வேலையிலிருந்து வந்து, விஷயம் தெரிந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். மாரிசெல் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்கிறாள் என்றான். எந்த ஊருக்கு என்று கேட்டால் அதற்கு மட்டும் அழுகிறாளாம். அவர்கள் நாட்டு வீட்டைப் பூட்டி வைத்து வெகுகாலமாகிறது. பஹ்ரைனில் அவர்கள் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

எனக்கு மதினி மேலிருந்த கோபம் மறுநாளே கரைந்துவிட்டது. அவர் வராத வீடு வெறிச்சென்று கிடந்தது. சின்ன வயதில் அவர் பெற்றெடுத்த பிள்ளை ஒன்று சளி முற்றித்தான் இறந்து போனது. அது எனக்குத் தெரியும். மாரிசெல்லுக்குத் தெரியாது. அவளிடம் அதை அரைகுறை அரபியில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் கையையும் கண்ணையும் வைத்துக்கொண்டு ஒருவாறு சொல்லிவிட்டேன். அவள் புரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாரிசெல் பிள்ளையோடு கீழே வந்தாள். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நேராக மதினி வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மதினி கையில் மீன் செதில். மாரிசெல் பிள்ளையை நீட்டினாள்.

"கை கவிச்சியா இருக்கு," என்றார் மதினி. "இரு மரியசெல்வி. கழுவிட்டு வாரேன். இங்கன குழாயில தண்ணி நின்னுபோச்சு."

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பிள்ளையோடு மாரிசெல்லும் வந்தாள். மதினி ஹாலைக் கடந்து, வாஷ்பேசின் முன்னால் நின்று, நீலத்தைத் திறந்தார். சொல்லித்தான் இருந்தேன். ஆனாலும் கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

"ஆத்தி, சுடுதே," என்று கையை உதறினார்.

"செவப்பு," என்றேன் நான். "ரெட்," என்றாள் மாரிசெல். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

மதினி திரும்பி எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கேலியுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருளா?"

என்ன கேட்கிறார் என்று மாரிசெல் என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் நீ சொல் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதினியும் பார்த்துக்கொண்டு நின்றார். இது நான் பிறந்த ஊர்.

நான் கை நீட்டிச் சிவப்பைத் திறந்துவிட்டேன்.

"மொதல்ல கையக் கழுவுங்க மதினி," என்றேன். "பிள்ளை ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்கான்."